திரும்பி வரும் தண்ணீர்

சலவைக்கூடத்தின் பாய்லரைப் பார்த்துக்கொள்பவருக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. "அதான் பாய்லரையே கட்டிக்கிட்டாரே, இன்னொண்ணு எதுக்கு?" என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார். பாய்லரை அவர் பார்த்துக்கொண்ட அழகுக்கு அந்தப் பேச்சு ஒன்றும் மிகையில்லை. துருப் பிடிக்கவிடாமல் இத்தனை வருஷம் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவர் அவர்.

அப்படிப்பட்டவர்தான், பெரிய இஸ்திரி மெஷினில் நிற்கிறவளுக்காக அந்தக் குழாயைப் போட்டார்.

அவள் கணவனை இழந்து வெகுகாலம் ஆனவள். நல்ல வாய்த்துடுக்கு. ஒருநாள், "எங்க தெருத் தண்ணியில குளிச்சு என் முடி தேங்காய் நாரா போச்சு" என்று பொதுவாகப் புலம்பினாள். அவ்வளவுதான், மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இஸ்திரி மெஷினுக்குப் போகிற நீராவி, வேலை முடிந்ததும் தண்ணீராகி, கொதிக்கக் கொதிக்க பாய்லரின் தொட்டிக்கே திரும்பி வரும். சுத்தமான தண்ணீர். சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். வருகிற வழியில் ஒரு குழாயைப் பொருத்தி, "ஒரு வாளி எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது காது இரண்டும் சிவந்துவிட்டன.

அவள் தினமும் சாயங்காலம் வாளியோடு வந்தாள். வந்தவள் சும்மா போகமாட்டாள். "என்ன, உங்க வீட்டுக்காரம்மா இன்னிக்கு ரொம்பப் புகையுதே?" என்று பாய்லரைக் காட்டிக் கேட்பாள். அவர் பதிலை யோசித்து முடிப்பதற்குள் வாளி நிறைந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார் என்றே சொல்லலாம்.

பிறகு மடிக்கிறவள் ஒரு வாளி கொண்டுவந்தாள், துவைக்கிறவள் இரண்டு. காவல்காரர் குடத்தோடு வந்தார். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு இல்லையென்றால் விஷயம் வெளியே வந்துவிடுமே!

வருஷாந்தரச் சோதனைக்கு வந்த ஆய்வாளர் பாய்லரைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே இரும்பெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தது.

"தண்ணியில காத்து கலந்திருக்கு. அதான் இரும்பைத் தின்னுது. திரும்பி வர்ற தண்ணி முழுசா தொட்டிக்கு வருதா?"

"வருதுங்களே" என்றார் இவர்.

"ஒரு மாசம் கழிச்சு வருவேன். குழி பெருசாகியிருந்தா மூடிட வேண்டியதுதான்."

ஆய்வாளர் போய், பாய்லரை மறுபடி பற்றவைத்து வேலை தொடங்கியதும், இவர் தொட்டியில் கை வைத்தார். ஒரு காலத்தில் தொட்டால் தோல் உரியும். இப்போது கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவ முடிந்தது. வாளி வாளியாகச் சுடுதண்ணீர் வெளியே போக, அந்த இடத்தை நிரப்பப் பச்சைத் தண்ணீர் வந்திருக்கிறது. தொட்டி கொதித்தால் அதிலிருக்கும் காற்று வெளியேறிவிடும். வெதுவெதுப்பில் எங்கே போகும்? பாய்லருக்குள்தான் போகும். மிச்சக் காற்றைப் போக்கத் தண்ணீரில் போடுகிற மருந்தும் எவ்வளவுக்குத்தான் ஈடுகொடுக்கும்? பச்சைக் குழந்தைக்குத் தெரிகிற விஷயம். அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரியாத மாதிரி இருந்துகொண்டார். ஆசை வந்தால் அனுபவசாலிக்கும் புத்தி அப்படித்தான் போகிறது.

பாய்லரை மூடினால் கூடமே மூடும், அத்தனை பேர் வேலையும் போகும். குழாயை எடுத்தால் அவளுக்கு இந்தப் பக்கம் வர வேலையில்லை.

மறுநாள் குழாயைக் கழற்றி, அந்த வாயை இறுக்கி அடைத்தார். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அவளிடம் மட்டும் தானே போய்ச் சொன்னார். இஸ்திரி மெஷினின் ஆவியில் அவள் முகம் சரியாகத் தெரியாதது அவருக்கு வசதியாக இருந்தது.

"இனிமே தண்ணி தர முடியாதுங்க. தப்பு என்மேலதான். உங்க முடிக்குத்தான்..."

"என் முடிக்கென்ன? ஞாயித்துக்கிழமைதானே தலைக்குக் குளிக்கிறேன்."

"அப்ப தினமும் ஒரு வாளி கொண்டுபோனீங்களே?"

"தரை துடைச்சேன்."

சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. "அந்தத் தண்ணியிலயா? தரையையா?"

"பின்ன? கையை வீசிக்கிட்டு தினமும் அங்க வந்து நின்னா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

அவர் தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, "நாளைக்கும் வாங்க. யாராவது கேட்டா பாய்லரைப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க" என்றார்.

"எனக்குப் பொய் சொல்ல வராது" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த விரிப்பை எடுத்து மெஷினில் போட்டாள்.