பேச்சுக்கு நடுவே இருந்தது

“நீ முழுங்கிட்டக்கா. நடுவுல இன்னாமோ கீது, அத முழுங்கிட்டு—”

“ஒண்ணும் முழுங்கல. எப்பவும் படிக்கிற மாதிரிதான்—”

“எப்பவும் படிக்கறப்ப ஒரு பேச்சோட இன்னொரு பேச்சு ஒட்டும். இது ஒட்டல. மேல நிக்கறவன் ‘மாமா, போதும், ஏறி வாங்க’ன்றான். அடுத்ததா போலீஸ்காரன் ‘எத்தினி மணிக்குச் செத்தாரு?’ன்றான். நடுவுல அந்த ஆளு எப்படிச் செத்தாரு?”

“கதைதானே ஜெயா. செத்தாருன்னா செத்தாரு—”

“படி.”

ஜெயம்மாள் ஊசியை மடியிலிருந்த தோலில் குத்தி நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்; பக்கம் தவறாமலிருக்க நடுவில் விரல் இருந்தது. அதையும் அவள் பார்த்தாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். ஆம்பூர்க் கம்பெனிகளில் செய்யும் ஷூவின் மேல்பகுதியை, அப்பர் என்பார்கள், வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்துக் கையால் தைத்து வாங்கிப்போவார்கள். நானும் இருபத்திரண்டு வருஷம் தைத்தேன். விரல் நுனி மரத்துப்போய், ஊசி தோலில் ஏறுகிறதா சதையில் ஏறுகிறதா என்று தெரியாமல் ஆனபிறகு விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அவள் தைப்பாள், நான் நாவல் படிப்பேன். அவளுக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும்.

கொலை, ஆள் காணாமல்போவது, கிணற்றுக்குள் பிணம், இவைதான் எங்களுக்குப் பிடிக்கும். எழுதியவர் மட்டும் தெரியாத ஆளாக இருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் மூன்றாவது அத்தியாயத்திலேயே ஜெயம்மாள் ஆளைப் பிடித்துவிடுவாள். “டாக்டர்தான்க்கா. இந்த ஆளு எப்பவும் நல்லவனத்தான் கடைசில மாட்டிவுடுவாரு,” என்பாள். பெயர் தெரியாதவன் எழுதினால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்ல முடியாது. பஜாரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் முஸம்மிலிடம், நான் கேள்விப்படாத பெயராகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். “எல்லாரும் தெரிஞ்ச பேரக் கேப்பாங்க, நீங்க ஒருத்தர்தாம்மா பேஜார் பண்றீங்க,” என்பான். ஆனாலும் எடுத்துவைப்பான்.

படிக்கும்போது பேச்சை மட்டும்தான் படிப்பேன். மழை எப்படிப் பெய்தது, அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்பதெல்லாம் எனக்கு ஒரு கதையில் தேவைப்பட்டதே இல்லை. ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்ல, ஆளுக்கொரு குரலில் படித்துக்கொண்டே போவேன். அவளும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டாள்.

இந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. உள்ளே எழுதியவர் பெயர் இருந்தது. ஊர் இல்லை, படம் இல்லை. தோல் பதனிடும் ஊர் ஒன்றில் கழிவுத் தொட்டிக்குள் ஒருவன் செத்துக் கிடக்கிறான். ஆறு அத்தியாயம் வரை, யார் கொன்றது என்று இருவரும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தோம். நேற்று மிச்சத்தை நான் மட்டும் படித்து முடித்தேன். முடித்த கையோடு முஸம்மிலிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். நடுவே ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டிவிட்டால் போதும், அதில் பேச்சே இல்லையே என்று நினைத்துவிட்டேன்.

ஜெயம்மாளின் புருஷன் நவநீதன் அப்படித்தான் செத்தான். ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிக்குள். குடித்துவிட்டு, தொட்டி ஓரமாக நடந்துபோய் வழுக்கி விழுந்தான் என்றார்கள். கூட இருந்தவன் ஜெயம்மாளின் சொந்தத் தம்பி தனகோடி. அவனே அப்படிச் சொன்னபிறகு வேறு யார் என்ன கேட்பது? விரிஞ்சிபுரம் கோயிலில் சாமி முன்னால், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனுஷன். செத்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள், சத்தியத்தை மீறியதைப் பொறுக்கவில்லை. பதினாறாம் நாளே போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டாள். ஒரு வருஷம்கூடத் திதி கொடுக்கவில்லை.

“செருப்பு,” என்றாள் ஜெயம்மாள்.

“இன்னா செருப்பு?”

“இப்பப் படிச்சியே. தொட்டிக்குள்ள எறங்கிச் சேறு வாரிக்கினே அந்த ஆளு சொல்றாரே.”

அந்த வரியை நான் தாண்டவில்லை. அதில் தாண்டுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ‘செருப்ப நெழல்ல வைடா. வெயில்ல கெடந்தா தோலு வெடிச்சிடும்.’

“அது அவரு பேச்சுக்கா. வூட்டுக்குள்ள வரச்சே தெனம் சொல்லுவாரு. எத்தினியோ வாட்டி நானே நவுத்தி வச்சிருக்கறேன்.” அவள் குரல் உயரவில்லை. “பொணத்தோட கூட ஒரு கவர்ல போட்டுச் செருப்பையும் குடுத்தாங்க. காஞ்சி இருந்திச்சி. ரெண்டும் காஞ்சி, ஜோடியா. வழுக்கி உழற ஆளு செருப்பக் கழட்டி வச்சிட்டா உழுவாரு? ஒம்பது வருஷமா எனக்கு இது தோணல பாரு. படி.”

படித்தேன். குரல் மாற்றுவதற்கு அதில் ஆளே இல்லை.

‘கயிறு ஒரு முறை இழுபட்டது. பிறகு இரண்டு முறை. மேலே நின்றவனுக்குக் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. குனிந்து பார்த்தான். தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மறுபடியும் கயிறு இழுபட்டபோது அதை விட்டுவிட்டு ஓடினான். அவன் திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் ஒரு பாட்டிலைத் திறந்து, வெளியே எடுத்துப் போட்டிருந்த உடம்பின் சட்டைமேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.’

“பாட்டிலு,” என்றாள்.

“ஆமா.”

“அப்பக் குடிக்கல.”

“ஜெயா, இது எவனோ எழுதின கதை.”

“கதைன்னா நீ ஏன் தாண்டின?”

வெளியே மொபெட் வந்து நின்றது.

தைத்ததை எடுத்துப்போகத் தனகோடி வந்திருந்தான். அவன்தான் இந்தத் தெருவுக்கு அப்பர் கொண்டுவருகிறவன். அக்காவுக்கு எப்போதும் நல்ல சரக்காகப் பார்த்துப் போடுவான். மழைக்கு முன்னால் கூரை ஷீட்டை மாற்றியது அவன். அவள் மகள் சோபனாவை அணைக்கட்டு ஊரில் கட்டிக்கொடுத்ததும் அவன். அவனைப்போல ஒரு தம்பி வருமா என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“இன்னிக்கும் கொலைதானா?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். “ஒரு நாளு ரெண்டு பேரும் சேந்து எவனயாவது போட்டுத் தள்ளப் போறீங்க. எத்தினி ஜோடிக்கா ஆச்சி?”

“உக்காரு. சம்பூர்ணக்கா ஒரு எடம் படிக்கும். கேட்டுட்டுப் போ.”

“பேர்ணாம்பட்டு வரைக்கும் போவணும். டைமு கம்மி.”

“கம்மிதான். கேளு.”

அவன் உட்காரவில்லை. முட்டி போட்டு ஜோடிகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினான். நான் படித்தேன். எல்லாக் குரலும் என் குரலாகவே வந்தது.

‘இன்னும் எத்தினி பக்கெட்டு மாமா?’

‘ஆறு ஏழு இருக்கும். கயித்த இறுக்கிப் புடிடா.’

‘உள்ள நாத்தம் ஜாஸ்தியா கீதே.’

‘செருப்ப நெழல்ல வைடா. வெயில்ல கெடந்தா தோலு வெடிச்சிடும்.’

தனகோடி கையிலிருந்த ஜோடி பைக்குள் போகவில்லை.

‘மாமா, போதும், ஏறி வாங்க.’

நிறுத்தினேன்.

“அதுக்கப்பறம் பேச்சு இல்ல,” என்றாள் ஜெயம்மாள். “நீ சொல்லு.”

அவன் எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினான். முதல் பக்கத்துக்குத் திருப்பி, பெயரை வெகுநேரம் பார்த்தான்.

“இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா.”

“உன்ன அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.”

“எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். எவனாவது பேப்பர்ல பாத்துட்டு எழுதியிருப்பான்.”

“பேப்பர்ல செருப்பு வந்திச்சா?”

அடுத்த வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்து அடங்கியது. ஜெயம்மாள் ஊசியைத் தோலிலிருந்து உருவி, நூலைச் சுற்றி, டப்பாவில் போட்டு மூடினாள்.

“கயிறு யார் கையில இருந்திச்சின்னு நான் கேக்கல, தனகோடி. அவரு குடிச்சிருந்தாரா? அத மட்டும் சொல்லு. ஒம்பது வருஷமா அந்த மனுஷனுக்கு ஒரு வெளக்கு ஏத்தல நானு. செத்தவர நெனச்சி நெனச்சித் திட்டியிருக்கறேன். குடிச்சிருந்தாரா?”

அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்தான். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தான்.

“இல்லக்கா,” என்றான்.

ஜெயம்மாள் எழுந்து பரண் பக்கம் போனாள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. ஏதோ டப்பா உருண்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“நீங்க முழுசாப் படிச்சிட்டீங்களா, சம்பூர்ணக்கா?”

“படிச்சிட்டேன்.”

“கயித்த வுட்டவன் கடைசில இன்னா ஆவறான்?”