ஈரப் பக்கம்

ஓனோதெரா தொகுஸோவின் குடும்பப் படம் வந்த ஊர்ப் பத்திரிகையின் மார்ச் மாத இதழில், அந்த ஒரு பக்கம் மட்டும் எல்லாப் பிரதிகளிலும் ஈரமாக இருந்தது. கெசன்னுமா துறைமுகத்துக் கடைக்காரர்கள் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், காயவில்லை. கத்திரிக்காயில் சொத்தை இருக்கிறது என்பதுபோல் முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்றார்கள்.

தொகுஸோ ஊர்த் தலைவர் தேர்தலில் நின்றிருந்தார். பெற்ற பிள்ளையோடு ஒத்துப்போகாதவன் ஊரை எப்படிக் கட்டி மேய்ப்பான் என்று எதிராளி கேட்டுவந்தான். மகன் ஷுஜி அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு சூரைமீன் கப்பல் ஏறியவன்தான். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அவன் இடத்தில் தொகுஸோவின் தம்பி மகன் மசாருவை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். முன்னால் மூடியபடி ஒரு சூப்புக் கிண்ணம். கடலுக்குப் போனவனுக்காக வீட்டில் தினமும் வைக்கிற சாப்பாடு அது. மூடியின் அடியில் நீர் கோத்திருந்தால் அவன் நலம். ஷுஜியின் அம்மா கினுயோ அந்த நீரை நம்பித்தான் உயிரை வைத்திருந்தாள்.

பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பிய தாய்மார்கள் ஈரப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். ஆதரவு ஏறியது. தொகுஸோவுக்கு ஆசையும் ஏறியது. அடுத்த இதழுக்குப் படம் எடுக்க வந்தபோது, "மூடியத் தொறந்து மசாருவச் சாப்பிடச் சொல்லு. அப்பனும் புள்ளையும் ஒண்ணா சாப்பிடுறாப்ல இருக்கட்டும்" என்றார்.

"அது ஷுஜிக்கு வெச்சதுங்க," என்றாள் கினுயோ.

"இப்ப ஊருக்குத் தெரிஞ்ச புள்ள இவன்தான். தேர்தல் முடியுற வரைக்கும் வாயத் தொறக்காத."

மசாரு குடித்தான். அந்த இதழ் வறவறவென்று வந்தது. சுவர்களில் இருந்த மார்ச் பக்கங்களும் அன்றே காய்ந்து சுருண்டன. கினுயோ கொதிக்கக் கொதிக்கச் சூப்பு ஊற்றி வைத்தாள். மூடியின் அடி சருகாய் உலர்ந்திருந்தது.

கடைசிக் கூட்டத்தில், வேட்பாளர் மனைவி வழக்கப்படி வெள்ளைக் கையுறையோடு தலைகுனிந்து ஓட்டுக் கேட்கவேண்டிய நேரத்தில், அவள் கையுறையைக் கழற்றினாள்.

"படத்துல இருக்கிறது எம்புள்ள இல்ல. அவன் கடல்ல இருக்கான். அவன் சாப்பாட்ட இன்னொருத்தன் சாப்பிடப் பாத்துக்கிட்டிருந்தேன். உங்க ஓட்டு எனக்கு வேணாம்."

தொகுஸோ தோற்றார். முடிவு வந்த மறுநாள் காலை, அடுப்படிக்குப் போய், மகன் கிண்ணத்தில் தானே சூப்பு ஊற்றி மூடினார்.

"நீயே தொற," என்றார் கினுயோவிடம்.

"நீங்க வெச்சது. நீங்களே தொறங்க."

திறந்தார். ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அன்று மறுபடி ஈரமான அந்த மார்ச் இதழ் ஊர் நூலகத்தில் இன்னும் இருக்கிறது. அடியில் ஒரு துண்டு விரித்திருக்கிறார்கள்; நனைந்ததும் மாற்றிவிடுவார்கள்.