பின்னால் வந்தவர்

ஈஸ்வரபாண்டியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கர்ணன் மாமா துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, மொக்கம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"அந்த ஆளு வந்துட்டாரான்னு வாசல்ல போயிப் பாருத்தா."

"எந்த ஆளும்மா?" என்றாள் கயல்.

"அவுக பின்னாடியே வந்தாருல்ல, படம் புடிச்சுக்கிட்டு. அவருதான்."

கயல் பயந்துபோனாள். அப்பா போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுகூட இப்படி ஆகவில்லை. அப்போது அழுகை வந்தது, அழுதாள். இது வேறு மாதிரி இருந்தது.

ஆடிக் காற்று மேற்கு மலையிலிருந்து கோம்பை ஊருக்குள் இறங்கி, வாசலில் போட்டிருந்த சாமியானாவைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வந்தவர்கள் சாரலில் நனைந்த மாலைகளை ஈஸ்வரபாண்டியின் மேல் சாத்திவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். மொக்கம்மாள் அழவில்லை. உள்ளே நுழைகிற ஒவ்வோர் ஆணையும் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தாள். பார்த்துவிட்டு, இவரில்லை என்று தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டாள். பிரமை பிடித்திருக்கிறது, எப்படியாவது அழ வையுங்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தோளைப் பிடித்து உலுக்கிக்கூடப் பார்த்தாள். மொக்கம்மாள் ஒரு மனிதருக்காகக் காத்திருக்கிறாள் என்பதும், அப்படி ஒரு மனிதர் உலகத்திலேயே கிடையாது என்பதும் கயல் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எல்லாம் கேமரா வாங்கியதில் ஆரம்பித்தது.

ஈஸ்வரபாண்டி அரசு பஸ் டிரைவர். கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறி இறங்கியே அவருடைய சர்வீஸ் முழுக்கக் கரைந்துபோனது. ஓய்வு பெற்ற கையோடு பழைய புல்லட் ஒன்றை வாங்கி, காஷ்மீர்வரை ஓட்டிக்கொண்டு போகப்போவதாக அறிவித்தார். இத்தனை வருஷம் ரோட்டைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை, இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று பஸ்ஸில் வந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும் என்பார். மொக்கம்மாள் குறுக்கே நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: தனியாகப் போகக் கூடாது. கூட வருவதாகச் சொல்லியிருந்த கண்டக்டர் இம்மானுவேல், முட்டி ஆபரேஷன் ஆனதும் நழுவிவிட்டார்.

அதற்கப்புறம் சாயங்காலமெல்லாம் அப்பாவும் மகளும் கேமரா பார்த்தார்கள். தேனியில் வேலை முடிந்து கயல் வீடு வந்ததும், போனில் வீடியோக்கள் ஓடும். ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டுகிற சின்னக் கேமராவா, முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக லென்ஸ் வைத்து நாலாபக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற 360 கேமராவா என்பதுதான் வழக்கு. முதலாவதற்கு ஒத்தக்கண் என்றும் அடுத்ததற்கு ரெட்டக்கண் என்றும் அவர் பெயர் வைத்தார். கேள்வியெல்லாம் டயர் வாங்குகிறவர் கேட்கிற கேள்வி. மழையில் நனைந்தால் தாங்குமா, வெயிலில் சூடேறி நின்றுவிடுமா, ஒரு பேட்டரி எத்தனை ஊர் தாண்டும். அவருக்கு ஒத்தக்கண்ணில்தான் மனசு. சின்னது, படம் தெளிவு, தொல்லையில்லை. கயல்தான் விடவில்லை. ஒத்தக்கண் நீங்கள் பார்க்கிற திசையைத்தான் காட்டும், அப்படியென்றால் திரும்பவும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றாள். மறுநாளே அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ரெட்டக்கண் வந்தது. புல்லட்டின் கேரியரில் பின்பக்கம் சாய்த்து ஒரு கம்பை நட்டு, அதன் உச்சியில் கேமராவை மாட்டி, குமுளிக்கு ஒரு நடை போய்வந்தார். அந்தக் கேமராவுக்கு இரண்டு விசேஷம். ஆட்டம் குலுக்கல் எல்லாவற்றையும் அதுவே அழித்துவிடும். பள்ளமும் மேடுமான மலைரோட்டில் அவர் படகில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தார். என் இடுப்பு வலியையே இல்லை என்று சொல்லிவிட்டதே என்று சிரித்தார். இன்னொன்று, இரண்டு லென்சுக்கும் நடுவில் இருப்பதால் கம்பு படத்தில் விழாது. பார்ப்பதற்கு, யாரோ ஒருவர் தரையில் கால் படாமல் ஓர் ஆள் தூரத்தில் அவர் பின்னாலேயே வந்த மாதிரி இருந்தது. லோயர்கேம்ப் மின்நிலையக் குழாய்கள் தெரிகிற வளைவில் அவர் திரும்பி அந்த யாரோவைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

மொக்கம்மாள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து பார்த்தாள். யார் எடுத்தது என்று கேட்டாள். கயல் கம்பைக் கையில் கொடுத்து விளக்கினாள். கம்பு இருந்தால் கம்பு தெரிய வேண்டுமே என்றாள் அவள். பெண்டாட்டியைக் கேலி செய்யாவிட்டால் ஈஸ்வரபாண்டிக்குச் சோறு இறங்காது.

"பின்னாடி ஒரு மனுசன் வாராருடி. பேரு சொல்ல மாட்டேங்குறாரு. நல்ல மனுசன், விசில் மட்டுந்தான் ஊதல."

மொக்கம்மாள் சிரிக்கவில்லை. "அப்பச் சரி. தனியாப் போகலேல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் "பின்னாடி ஆள் இருக்குடி" என்று அவர் குரல் கொடுப்பதும், அவள் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்றுதான் கயல் நினைத்திருந்தாள்.

கடைசி நாளும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் பெட்ரோல் போடப் போனார். கேரியரில் வெறும் கம்புதான் இருந்தது. கேமரா கயலின் மேசையில் சார்ஜில் கிடந்தது. உத்தமபாளையம் ரோட்டில் திராட்சைப் பந்தல்கள் முடிகிற இடத்தில், பால்வண்டிக்காரர் பார்த்தபோது, புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். ஹெல்மெட் மடியில் இருந்தது. நெஞ்சுவலி வந்திருக்கிறது, நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அப்படியே போய்விட்டார் என்றார் டாக்டர். புல்லட் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது.

"நெஞ்சு வலிக்கிற மனுசன் அந்த எருமையத் தூக்கிச் சென்டர் ஸ்டாண்டு போடுவாகளா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டுவிட்டாள் மொக்கம்மாள். "அவருதான் வண்டிய வாங்கி நிப்பாட்டி, இவுகள உக்கார வச்சிருக்காரு. கடேசியா என்ன சொன்னாகன்னு அவருக்குத்தான் தெரியும்."

இடுப்பு வலி வந்த பிறகு அப்பா ஒரு நாளும் சென்டர் ஸ்டாண்டு போட்டதில்லை என்பது கயலுக்கும் தெரியும்.

அமரர் ஊர்தி கிளம்பும்போது இம்மானுவேல் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து வாய்வரை கொண்டுபோனார். ஊதாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. மொக்கம்மாள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பார்வை ஊர்திக்குப் பின்னால், ஓர் ஆள் தூரத்தில், யாரும் இல்லாத இடத்தில் நின்றது. ஊர்தி நகர நகர அந்தப் பார்வையும் கூடவே நகர்ந்தது.

எல்லாம் முடிந்து வந்தும் வாசல் கதவைச் சாத்த அவள் விடவில்லை. பெயரைக்கூடச் சொல்லாத மனிதர் கதவைத் தட்டவா போகிறார், சாத்தியிருந்தால் திரும்பிப் போய்விடுவார் என்றாள். சாரல் கூடம்வரை அடித்தது. பாய், தலையணை எல்லாம் ஈரவாடை வீசின. ஒருநாள் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒருவர் சாரலுக்கு ஒதுங்கி வாசலில் நின்றார். மொக்கம்மாள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கூஜாத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து, "என்ன சொன்னாக?" என்று கேட்டாள். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற மனிதர் அவர். மாலை போட்ட போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மழை விடுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

அவளுக்கு ஒரு கரண்டிக் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. அந்த மனிதர் வந்து சொன்னால்தான் சோறு என்றாள். நாளுக்கு நாள் ஆள் கண்முன்னே கரைந்தாள். கர்ணன் மாமா கயலைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, இப்படியே விட்டால் அக்காவும் அத்தானோடு போய்விடும் என்றார். கயலுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அப்பா கேட்ட ஒத்தக்கண்ணையே வாங்கியிருந்தால் பின்னால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். கம்பையும் கேமராவையும் கொண்டுவந்து, அம்மாவின் கண்ணெதிரே தன்னையே படம் எடுத்து, கம்பு மறைவதைக் காட்டினாள். மொக்கம்மாள் பொறுமையாகப் பார்த்தாள்.

"இது நீ புடிச்சது. நான் இதக் கேக்கல," என்றாள்.

கருமாதிக்கு முந்தின நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, விளக்கேற்றிவிட்டு, எல்லாரும் வெளியே வந்து அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகிறவரை ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்புறம் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சோறு, மொச்சைக் குழம்பு, கோழி வறுவல், நேந்திரங்காய் சிப்ஸ், குமுளியில் பழகிய, பால் விடாத கட்டன்சாயா ஒரு டம்ளர். எல்லாம் வைத்து முடிந்ததும் மொக்கம்மாள், அந்த ரெட்டக்கண்ணையும் உள்ளே வை என்றாள்.

கர்ணன் மாமா முகத்தைச் சுளித்தார். யாரும் பார்க்கக் கூடாத நேரத்தைப் போய்ப் படம் எடுப்பதா என்றார்.

"நாம பாக்கல. அவரு இருக்கட்டும். அவுக வந்தா அவருகூடப் பேசுவாக," என்றாள் மொக்கம்மாள்.

கயல் வேறு கணக்குப் போட்டாள். வெறும் அறையை, அசையாத இலையை, அம்மா முழுசாக உட்கார்ந்து பார்க்கட்டும். யாருமில்லை என்பது அவள் கண்ணுக்கே தெரியட்டும். கம்பைக் கேமரா முக்காலியில் பொருத்தி இலைக்கு எதிரே நிறுத்தினாள். இறங்கி நிற்கிற இடங்களில் தான் பார்க்கிறபடியே படம் வர வேண்டும் என்று, அப்பா தன் கண் உயரத்துக்குக் கம்பில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். அதுவரை இழுத்துத் திருகினாள். முக்காலியின் கால்கள் சிமெண்ட் தரையில் ஆடாமல் நிற்கின்றனவா என்று குனிந்து அழுத்திப் பார்த்தாள். பட்டனைத் தட்டியதும் கேமரா ஒரு தரம் கீச்சிட்டது. வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விட்டிருந்தது. அறைக்குள் சத்தமில்லை. வாசல் கதவு மட்டும் காற்றில் அடித்து அடித்துத் திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கர்ணன் மாமா எழுந்து, தட்டி, கதவைத் திறந்தார். எல்லாரும் நிலையருகே முண்டியடித்து இலையைப் பார்த்தார்கள். வைத்தது வைத்தபடி இருந்தது. டம்ளரில் சாயா குறையவில்லை. விளக்கு நின்று எரிந்தது. கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கூடத்துக்குப் போனார்கள்.

கயல் அம்மாவை இலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் படத்தைப் போட்டாள். விரலால் தள்ளினால் படம் திரும்பும் என்று காட்டினாள். போனைத் தொட்டே பழகாத மொக்கம்மாள், கரண்டி பிடித்துக் காய்த்த விரலால் அறையைத் திருப்பினாள். இலை. ஜன்னல். பீரோ. கொடியில் தொங்குகிற காக்கிச் சட்டை. மறுபடி இலை. எங்கும் ஆளில்லை. தரைப்பக்கம் திருப்பினாள். முக்காலியின் கால் நுனிகள் மட்டும் சிமெண்டில் தெரிந்தன. அதற்கு மேல் கம்பைக் காணோம்.

"பாத்தியாம்மா. யாருமில்ல," என்றாள் கயல். அம்மாவிடம் மிச்சமிருந்த ஒரு மனிதரையும் தானே பிடுங்குவதுபோல் இருந்தது.

மொக்கம்மாள் படத்தைக் கதவுப்பக்கம் திருப்பி, விரலை எடுத்துவிட்டாள். படத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நின்றவர்கள் எல்லாம் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நடுவில் நின்ற மொக்கம்மாள் மட்டும் நிமிர்ந்து, சிவப்பு டேப்பின் உயரத்தில், நேராகப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. அப்போது ஒட்டி நின்ற கயலுக்கே கேட்காதது, இப்போது போனில் தெளிவாகக் கேட்டது.

"சாப்பிட்டீகளா?"

படம் மெல்லக் கீழே இறங்கி, மேலே வந்தது.

கயல் நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். யாருடைய காலோ முக்காலியில் இடித்திருக்க வேண்டும். ஆனால் படத்தில் ஒருவரும் இன்னும் நிலையைத் தாண்டியிருக்கவில்லை. எல்லாருடைய பாதங்களும் வெளியே வரிசையாகத் தெரிந்தன. தரையைத் திருப்பிப் பார்த்தாள். முக்காலியின் கால்கள் நகரவில்லை. குமுளி மலையின் குலுக்கலையே இல்லையென்று ஆக்கிவிடுகிற கேமரா அது. மூன்றாம் தடவையும் ஓட்டினாள். அம்மா கேட்டாள். ஆமென்று தலையசைக்கிற மாதிரி, படம் கீழே இறங்கி, மேலே வந்தது.

மொக்கம்மாள் மறுபடி பார்க்கவில்லை. போனோடு சேர்த்து மகளின் கையை மெல்லத் தாழ்த்திவிட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்தாள். ஆறிப்போன சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தபோது கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளாமல் மென்றாள்.

"வாசக் கதவச் சாத்திட்டு வா ஆத்தா," என்றாள். "சாரல் அடிக்கிது."

கயல் எழுந்தாள். போகிற வழியில் கம்பு நின்றது. நிற்கிற ஆளுக்கு இடம்விட்டு ஒதுங்குவதுபோல், தோளைச் சாய்த்துக்கொண்டு, சுவரோரமாக அதைக் கடந்து போனாள்.