பனிவண்டியும் நான்கு பூனைகளும்

கோரீனுக்குக் கடையில் வாங்கிய ஹாலோவீன் வேஷத்தைக் கண்டால் குமட்டும். பிளாஸ்டிக் பையில் மடித்து விற்கும் சூனியக்காரி, ஒரு தும்மலுக்குத் தையல் விடும் இளவரசி. இதையெல்லாம் வாங்குகிறவர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதிலும் வின்னிபெக்கில் அக்டோபர் முடிவதற்குள் தரையில் பனி விழுந்துவிடும். அந்த மெல்லிய சட்டையை மாட்டி, அதன்மேல் குளிர்கோட்டை இழுத்துப் பூட்டினால், மிட்டாய் கேட்டு வாசலில் நிற்பது இளவரசியா, கோட்டா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கு வருஷா வருஷம் இது எப்படித்தான் மறந்துபோகிறதோ என்று எரிந்துவிழுவாள்.

பத்திரிகைக்காரர்களின் சிக்கன யோசனைகள் மேல் அதைவிட இளக்காரம். பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டால் பேயாம். "இதை யோசிக்க ஒரு ஆளு, அச்சடிக்க ஒரு ஆளு, படிச்சு வாயைப் பிளக்க நாலு ஆளு" என்பாள்.

அவள் வழியே தனி. முதலில் பிள்ளைக்குப் பனிக்கால உடுப்பு, பூட்ஸ், கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் மாட்டி சமையலறை நடுவில் நிறுத்துவாள். வேர்த்து வழிந்தாலும் விடமாட்டாள். அளவெல்லாம் அதற்குமேல்தான். பிறகு குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை, மிச்சம் கிடக்கும் சுவர்ப் பெயின்ட், முட்டை அட்டை, யாரோ தூக்கிப்போட்ட திரைச்சீலை. கைச்செலவு என்று பார்த்தால் பசைக்கும் டேப்புக்கும்தான். வித்தை நிஜம், அதைக் குறை சொல்ல முடியாது. வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் வீடு மாறியதில் மகள் டெல்லாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். ஒன்பது வயதுப் பிள்ளை, செப்டம்பர் முழுக்க மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்துத் தின்றுவிட்டு வந்தது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

"அம்மா, ஹாலோவீனுக்குப் பெய்ட்டன் என்னையும் கூப்பிட்டிருக்கா! அவங்க நாலு பேரும் பூனையாம். நானும் பூனை!"

"பூனையா?" கோரீனின் ஒற்றைப் புருவம் மேலே ஏறியது. "கற்பனைக்குப் பஞ்சம் வந்தவதான் பூனை ஆவா. மூக்குல மை, தலையில ரெண்டு முக்கோணம். முடிஞ்சுது கதை."

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கலாம்னு..."

"ஆட்டு மந்தைகூடத்தான் ஒரே மாதிரி இருக்கு."

டெல்லாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் பனி தள்ளும் வண்டியாக ஆகலாம் என்று அம்மா சொன்னதும் கண் விரிந்துவிட்டது. யாருக்குத்தான் விரியாது? மஞ்சள் பெயின்ட் அடித்த அட்டை உடம்பு, கேக் சுடும் அலுமினியத் தட்டில் இரண்டு முன்விளக்கு, ஆரஞ்சுச் சாறு பாட்டிலுக்குள் சைக்கிள் விளக்கை வைத்து மேலே மின்னும் விளக்கு. முன்னால் ஆளை மறிக்கிற அகலத்தில் பனி தள்ளும் பலகை. அதன் நுனியில் மிட்டாய்ப் பை.

வெட்டி ஒட்டிய இரண்டு வாரமும் கோரீனின் வாய் ஓயவில்லை. பெய்ட்டனின் அம்மா ஷானனை அவள் பள்ளி வாசலில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அது போதாதா? "அவ வீட்டுல கத்திரிக்கோலே இருக்காது பாரு. பையைக் கிழிக்கப் பல்லு இருக்கே!" முதலில் டெல்லா, "பெய்ட்டன் நல்லவம்மா" என்றாள். நாலைந்து நாள் போனதும் சும்மா இருந்தாள். அதற்கடுத்து சிரிக்க ஆரம்பித்தாள். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.

ஹாலோவீன் மாலை நான்கு பூனைகளும் வந்து சேர்ந்தன. குளிர்கோட்டுக்குப் பின்னால் வால், கம்பளித் தொப்பிமேல் காது. கோரீன் ஒரே பார்வையில் அளந்து உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

"ஏய், செமடி! விளக்கு எரியுதுடி!" என்று பூனைகள் குதித்தன. பொறாமை என்பதே அதுகளுக்குத் தெரியவில்லை. பலகை அகலத்துக்கு டெல்லாவின் பக்கத்தில் யாரும் நடக்க முடியாது. அதனால் பின்னால் வரிசை கட்டின. அழைப்புமணிக்கு டெல்லாவின் கை எட்டாது. அதனால் வீட்டுக்கு வீடு பெய்ட்டன் முன்னே ஓடி அமுக்கினாள். "ஹாலோவீன் ஆப்பிள்!" என்று அந்த ஊர் வழக்கப்படி ஐந்து பேரும் கத்துவார்கள். ஆப்பிளை யார் தரப்போகிறார்கள், மிட்டாய்தான் விழும்.

ஒரு வீட்டில் தொப்பைக்காரர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே திரும்பிக் கூவினார். "அடியேய், ஓடி வா! மாநகராட்சிக்காரன் ஒருவழியா நம்ம தெருவுக்கு வண்டி அனுப்பிட்டான்!" டெல்லாவுக்கு இரண்டு கை நிறைய அள்ளிப்போட்டார். பூனைகளுக்கு ஆளுக்கு ஒன்று.

படி இறங்கும்போது டெல்லா திரும்பினாள். "நீங்க என்ன வேஷம்னே அவருக்குப் புரியல. கோட்டுதான் தெரியுது."

"பூனைதான்" என்றாள் ஒருத்தி, வாலைப் பிடித்துக் காட்டி.

"கடையில பையில போட்டு விக்கிறதை யார் வேணா வாங்கலாம். மூளையே வேணாம்ல?"

பின்னால் வந்துகொண்டிருந்த கோரீன் இதைக் கேட்டுச் சிரித்தாள். என் பிள்ளை என்று பூரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதக்கூட எனக்குக் கூசுகிறது.

பெய்ட்டன் தெருவிளக்கின் கீழ் நின்றுவிட்டாள். "கடையில வாங்கல. நான் தெச்சேன். அம்மாவோட பழைய ஸ்வெட்டர்." கோட்டுப் பையில் கைவிட்டு இன்னொரு ஜோடி காதை எடுத்தாள். "உனக்கும் வெச்சிருக்கேன் டெல்லா. நீ வண்டின்னு சொன்னதும் யோசிச்சேன். இதைத் தொப்பியில குத்திக்கிட்டா, பூனை வண்டி ஓட்டற மாதிரி இருக்கும். நீயும் எங்ககூடச் சேந்தாப்பல."

கோரீனுக்குச் சுருக்கென்றது. ஓட்டுநர் இல்லாத வண்டியைத்தான் அவள் இரண்டு வாரமாகக் கட்டியிருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பாதிக்கிறவளுக்கு அது தோன்றவில்லை. இந்தச் சின்னப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

டெல்லா காதுகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். ஒற்றைப் புருவம் ஏறியது. "ஒண்ணு கோணலா இருக்கு. தையல் வெளியே தெரியுது."

பெய்ட்டன் அழவில்லை. காதுகளை மடித்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வாங்கடி" என்றாள். நான்கு பூனைகளும் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டன.

"டெல்லா, ஓடு. ஓடிப்போய் வாங்கிக்கோ" என்றாள் கோரீன்.

"எதுக்கு? நீ இவ்வளவு செஞ்சிருக்க, அதுக்கு மேல அந்தக் கிழிசலா? உனக்கே வெக்கமா இல்லையாம்மா?" டெல்லா தாயை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை கோரீன் ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள், வாங்கியதில்லை.

அவளே தெருவைக் கடந்து ஓடினாள். "பெய்ட்டன், அதை என்கிட்ட குடும்மா. நான் அவளுக்குக் குத்திவிடறேன்."

"வேணாம் ஆன்ட்டி." பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "உங்களுக்கும் பிடிக்காது. நீங்க எங்களைப் பத்திச் சொல்றதையெல்லாம் டெல்லா வந்து சொல்லுவா. எங்க வீட்டுல கத்திரிக்கோல் இருக்கு ஆன்ட்டி."

கோரீன் திரும்பி வந்தபோது டெல்லா அடுத்த வீட்டு வாசலில் மின்னிக்கொண்டு நின்றாள்.

"மணியை அமுக்கு" என்றாள்.

கோரீன் அமுக்கினாள். ஒரு குரல் மட்டும் "ஹாலோவீன் ஆப்பிள்!" என்று கத்தியது. கதவைத் திறந்த பெண்மணி கைதட்டி வியந்துவிட்டு, தெருவை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா தங்கம், தனியா வந்திருக்க? கூட்டாளிங்க யாரும் வரலையா?"

கோரீன் எதிர்ச்சாரியில் தள்ளிப்போகும் நான்கு வால்களைப் பார்த்தாள். டெல்லா பலகையை முன்னால் தள்ளிப் பையைக் காட்டினாள்.

"எங்களுக்குச் சமமா யாரும் இல்ல" என்றாள்.