நீராவி ஏறும்வரை

அப்பாவைக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டுமென்று மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோதுதான் ராஜி அந்த இஞ்சினைத் தூக்கினாள். உள்ளே களக்கென்று தண்ணீர் ஆடியது.

அப்படியே நின்றுவிட்டாள். கொதிகலனில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்றால், இன்று காலை ஓட்டிப் பார்க்கத்தான். விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் ஃபிட்டராக இருந்த அப்பா சந்தானம், தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்ற கையோடு ஜூனா பஜாரின் பழைய இரும்புக் குவியலிலிருந்து அதைப் பொறுக்கி வந்தார். எந்த வெள்ளைக்காரன் செய்ததோ, நூறு வருஷத்துப் பழசு. ஆதிகால நீராவி இஞ்சினின் முழ உயர மாதிரி. மேலே கிணற்று ஏற்றம் போல ஒரு பித்தளைத் தண்டு, பக்கத்தில் ஒரு சக்கரம். பதினொரு மாதமாக மல்லுக்கட்டியும் அது ஓடவில்லை. "பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூடத் தேறாது" என்று அம்மா சொல்லாத நாளில்லை. நேற்றுதான் பிஸ்டனில் ஆவி கசியாதபடி எண்ணெய் தோய்த்த நூலைச் சுற்றி முடித்து, "நாளைக்கு ஓடுதா இல்லையா பாரு" என்றார்.

ஓடுமா? அழவேண்டிய நேரத்தில் ராஜியின் நெஞ்சை இந்தக் கேள்விதான் அரித்தது. பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்கப்புறம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? அவர் வீட்டில் இருக்கும்போதே தெரிந்தாக வேண்டும்.

இஞ்சினை அவர் காலருகே தரையில் வைத்து, அதன் ஸ்பிரிட் விளக்கைத் திறந்தாள். அப்பாவின் அக்கா பாய்ந்து வந்தாள்.

"என்னடி பண்ற? பொணம் எடுக்கிற வரைக்கும் வீட்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாது. டீகூட எதிர்வீட்டு வைஷாலிதான் போட்டுக் குடுத்தா."

"தலைமாட்டுல விளக்கு எரியுதே, அத்தை?"

"அது விளக்கு. இதுல தண்ணி கொதிக்கும். என் தம்பி போற வழியில குறுக்க நிக்காத."

கூடமே அம்மாவைப் பார்த்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுல சோறா பொங்கப் போறோம்? நீ பத்த வை."

கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆவி சீறியது. தண்டு ஒருமுறை ஏறி நின்றுவிட்டது. ராஜி சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளினாள். தடக், தடக் என்று அது தானாகவே சுற்ற ஆரம்பித்தது.

ஒப்பாரி நின்றது. பெண்கள் எழுந்துவந்து சூழ்ந்துகொண்டார்கள், அத்தைதான் முதலில்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள் அம்மா. "அவருக்கு மறைக்குது."