நாற்பத்திரண்டு பலகை

நாற்பத்தோராயிரத்து ஐந்நூற்று எண்பது. எங்கள் மரக்கடை முதலாளிக்கு அக்கா கொடுக்க வேண்டியிருந்த தொகை அது. பலகை நாற்பத்திரண்டு, ஒன்றின் விலை தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அந்தக் கடனில் எனக்கும் பங்கு உண்டு. அறுத்தவன் நான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எல்லோருக்கும் அவர் அக்காதான். பகலில் தையல் கம்பெனியில் துணி வெட்டுவார். வேலை விட்டதும் நாடகம். எழுதுவது அவர், ஆட்டிவைப்பது அவர், மேடையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று படம் போடுவதும் அவர். இருபத்தாறு வருஷத்தில் முப்பது நாடகம். கையைக் கடிக்காத நாடகம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரர் மின்சார வேலை பார்ப்பவர், விளக்கு அவர் பொறுப்பு. "கல்யாணமான நாள்லேர்ந்து நான் இருட்டுலதான் நிக்கறேன், வெளிச்சமெல்லாம் அவ மேல" என்பார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. பலகை வாங்க அவரிடம் பணம் இருந்ததே இல்லை. எங்கள் கடையில் இரவல் வாங்குவார். ஆணி அடிக்க மாட்டார், கயிற்றால்தான் கட்டுவார். நாடகம் முடிந்ததும் கீறல் இல்லாமல் திரும்பி வந்துவிடும். முதலாளியும் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்துவிடுவார். மண்டப வாசலில் கடையின் பெயர்ப் பலகை வைத்தால் போதும் அவருக்கு.

முப்பத்தோராவது நாடகத்தில்தான் கணக்கு தப்பியது. அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மண்டபத்தில் பலகைகளை நிறுத்தினோம். மேலே முட்டியது. மேடையின் தளத்தைப் புதிதாக ஓர் அடி உயர்த்தியிருந்தார்கள். அக்கா பழைய நோட்டில் இருந்த அளவை நம்பிவிட்டார். பன்னிரண்டு அடிப் பலகை, இடமோ பதினோரு அடி.

"சாய்ச்சு வச்சுக்கலாமேக்கா" என்றேன்.

"சாய்ச்சா அது மரக்கடை மாதிரியா இருக்கும்? குப்பைமேடு மாதிரி இருக்கும். அறு."

"முதலாளி என் தோலை உரிச்சிடுவாரு."

"என்னைத்தான் உரிப்பாரு. நீ ரம்பத்தை எடு."

அந்த நாடகமே ஒரு மரக்கடையைப் பற்றியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடையில் கட்டை அடுக்கு சரிந்து ஒருவர் செத்துப்போனார். பலகையின் முன்முனை அவர் தோளில், பின்முனை என் தோளில் என்று பதினாறு வருஷம் சேர்ந்து தூக்கியவர். அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று முதலாளி வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். அதனால் நஷ்டஈடாக அந்த வீட்டுக்கு ஒரு காசு போகவில்லை. பதிவேட்டைப் பார்த்தவன் நான். பார்த்ததை அக்காவிடம் சொன்னேன். அதுதான் எட்டாவது காட்சி.

பலகையை அறுத்த சேதி கேட்டு முதலாளி மண்டபத்துக்கு வந்தார். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கத்த வந்தவர் எட்டாவது காட்சியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் சாந்தமாகத்தான் பேசினார்.

"அறுத்த பலகை வித்த பலகைம்மா. மொத்தக் காசும் வரணும். இல்ல, ஒண்ணு செய். இந்த ஒரு காட்சியை எடுத்துடு. பலகையை நீயே வச்சுக்க, கடனை நான் மறந்துடறேன்."

"பலகையில ஒரு அடி எடுத்தேன், அதுக்கே மனசு கேக்கல" என்றார் அக்கா. "இதுல ஒரு வரி எடுக்க மாட்டேன்."

"அப்போ வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குள்ள காசு வரணும். வரலேன்னா ஏழு மணிக்கு வண்டி வரும். நாடகம் நடந்தாலும் சரி, நடக்கலேன்னாலும் சரி, என் ஆளுங்க பலகையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

வெள்ளிக்கிழமைதான் அரங்கேற்றம், நாடகம் ஆறு மணிக்கு. அவர் ஆட்கள் என்றால் நானும் ஒட்டடையும்தான். என்னோடு கடையில் வேலை பார்ப்பவன், நெட்டையாக ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பான், அதனால் அந்தப் பெயர்.

அக்காவின் வீட்டுக்காரர் தன் ஏணிகளை விற்கிறேன் என்றார். அக்கா காது கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க எப்படித் தூக்குவீங்க? செஞ்சு காட்டு."

எங்கள் தொழிலில் எண்ணாமல் தூக்க மாட்டோம். முன்னால் போகிறவன் சத்தமாக எண்ணைச் சொல்வான். பின்னால் வருகிறவன் அதையே திருப்பிச் சொல்வான். இல்லாவிட்டால் பில்லில் சண்டை வரும். நான் செய்து காட்டினேன். அக்கா நாடக நோட்டை எடுத்து எட்டாவது காட்சிக்கு நேரே 'ஏழு மணி' என்று எழுதினார்.

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தூக்குங்க. அதே சத்தம். அவசரப்படாதீங்க, நடிக்கவும் செய்யாதீங்க."

"சம்பளம் உண்டா?" என்றான் ஒட்டடை.

"உன் முதலாளிகிட்டயே வாங்கிக்க. அவருதானே அனுப்பறாரு."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. காட்சியை எடுத்துவிட்டார்களா என்று பார்க்க முதலாளி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு எட்டாவது காட்சி தொடங்கியது. செத்தவராக நடித்த பையன் தரையில் கிடந்தான். நானும் ஒட்டடையும் வேலைச் சட்டையோடு மேடை ஏறினோம். முதல் பலகையின் கயிற்றை அவிழ்த்துத் தோளில் வைத்தோம்.

"ஒண்ணு!"

"ஒண்ணு!"

கூட்டத்தின் நடுவழியாகவே நடந்து, வாசலில் நின்ற வண்டியில் ஏற்றினோம். பத்தாவது பலகைக்குள் சனத்துக்குப் புரிந்துவிட்டது. இருபதுக்கு மேல் பின்பாட்டு எங்களுடையது மட்டும் இல்லை. நான் எண்ணைச் சொன்னால் மண்டபமே திருப்பிச் சொன்னது. முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவர் முன்னால் பலகையோடு போய்க்கொண்டிருந்தோம். வழி இல்லை. நாற்பத்திரண்டாவதைத் தூக்கும்போது தரையில் கிடந்த பையனைத் திரும்பிப் பார்த்தேன், எண்ணைச் சொல்ல மறந்தேன். ஒட்டடை எனக்கும் சேர்த்துச் சொன்னான். மேடையில் வெறும் சுவரும், கிடந்த ஆளும், பதிவேட்டிலிருந்து "அன்று விடுப்பு" என்று வாசித்த நடிகரின் குரலும்தான் மிச்சம்.

மறுநாள் காலை கடையில் முதலாளி எங்கள் மேல் பாய்ந்தார். "மானத்தை வாங்கிட்டீங்களேடா!"

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம் முதலாளி" என்றான் ஒட்டடை. "எண்ணித் தூக்கினோம். ஒண்ணு குறையுதா பாருங்க."

அந்த நேரம் அக்கா வந்தார். டிக்கெட் பணத்தை மேசைமேல் வைத்தார்.

"பலகை திரும்பி வந்துடுச்சு. பதினோரு அடியை பதினோரு அடின்னு வித்துக்கலாம். நான் அறுத்தது பலகைக்கு ஒரு அடி. அதுக்கு மூவாயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு. எண்ணிக்குங்க."

முதலாளி பணத்தைத் தொடவில்லை. வாசலில் மரம் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "வேண்டாம்மா. தொலைஞ்சு போகுது. விட்டுட்டேன்."

"நீங்க விட்டுக் கொடுத்ததா நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. எடுத்துக்கிட்டு நோட்டுல அடிங்க."

அவர் எண்ணினார். நோட்டைத் திறந்து அக்கா பெயருக்கு நேரே நீளமாக ஒரு கோடு இழுத்தார். அக்கா குனிந்து, கோடு முழு வரிக்கும் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போடறோம்" என்றார். "பலகை வேண்டாம். எட்டாவது காட்சி இருக்கும்."