பக்கத்துக்கு ஒரு பயன்

முந்நூற்று எழுபத்தோராம் பக்கத்தின் கடைசிச் சொல்லை வாசித்ததும் பூமணி வழக்கம்போல நிறுத்தினாள். அந்த இடத்தில் பேச வேண்டியவர், அவளுடைய தகப்பன், மூன்று நாளாகப் பேச்சில்லாமல் கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் வலப்பக்கத்தை முழுசாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. வாய் இழுத்திருந்தது. இடது கை மட்டும் போர்வைக்கு மேலே கிடந்தது. காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அதைக் கேட்டதும் அம்மா நேசம்மா அழவில்லை. உள்ளே வந்து, "புத்தகத்தை எடு பிள்ளை" என்றாள்.

"விளக்கு வைக்கிற நேரம் ஆகேல்லையே அம்மா."

"அதுவரைக்கும் ஆர் பார்த்துக்கொண்டிருக்கிறது? எடு."

இப்போது அவள் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டி, எப்போதும் இருக்கிற மாதிரியே இருந்தாள். பூமணி நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கம் முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அப்ப பயனைச் சொல்லு."

பூமணி என்ன சொல்வாள்? பத்து நாளைக்கு முன் இந்த வீட்டில் பயன் சொல்லுவதைக் கெடுத்ததே அவள்தான்.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது ஒரு தொப்பி மாட்டியோடு. ரயில்வேத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டார். தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஐயா சீவரத்தினம் தொப்பி மாட்டியை எடுத்தார். ஏலக்காரன் கொசுறாகப் புத்தகத்தைத் தந்தான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கதை என்று பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு மனிதன் ஒரு கடிதத்தைத் தபாலில் போடக் காலையில் வீட்டை விட்டு இறங்குகிறான். பொழுது சாய்ந்தும் போடவில்லை. மிச்சமெல்லாம் அவன் தலைக்குள் ஓடுவது. வசனம் ஒன்று தொடங்கினால் மூன்று பக்கம் தாண்டித்தான் முற்றுப்புள்ளி. யார் பேசுகிறார், யார் நினைக்கிறார், நேற்றா இன்றா என்று ஒன்றையும் புத்தகம் சொல்லாது. அந்தக் கடிதம் யாருக்கு என்பதைக்கூடச் சொல்லவில்லை.

முப்பது வருஷம் கவர்ன்மென்டுக்கு இங்கிலீஷ் எழுதிக் கொடுத்த மனிதர் பதினோராம் பக்கத்தில் தடுக்கி விழுந்தார். "எழுதினவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அதை அலுமாரிக்கு மேலே எறிந்தார். எறிந்தாரே தவிர, மறக்கவில்லை. பென்ஷனில் வந்து, ரயில்வேக்காரர் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து, இரண்டு கண்ணிலும் புகைச்சல் விழுந்த பிறகு, ஒருநாள் தானாகவே கேட்டார்: "பிள்ளை, அந்தப் பைத்தியக்காரன்ரை புத்தகம் இருக்கோ?"

பூமணி பள்ளிக்கூடத்து ரீச்சர். இருபத்தாறு வயது. இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் வாசிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "எனக்கு விளங்காத ஒண்டை ரெண்டு பேரும் மணிக்கணக்காக் கதைக்கிறியள்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.  "அப்ப கோயிலிலை செய்யுற மாதிரிச் செய்வம்" என்றார் ஐயா.

கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார். பயன் என்றால் கருத்து. சஷ்டிக் காலத்தில் கார்த்திகேசு என்பவர் வாசிக்க, பயன் சொல்லுகிறவர் ஐயா. வாசிக்கிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: பயனில் பிழை இருந்தாலும் சபையில் வாய் திறக்கக் கூடாது. பயன் முடிந்ததும் ஐயா முழங்காலில் இரண்டு விரலால் தட்டுவார். மேலே போ என்று அர்த்தம்.

அப்படியே வீட்டிலும் நடந்தது. விளக்கு வைத்ததும் பூமணி ஒரு பக்கம் வாசிப்பாள், ஐயா அம்மாவுக்குப் பயன் சொல்லுவார், இரண்டு விரல் தட்டும். உலகத்தில் அந்தப் புத்தகத்தை இந்த முறையில் வாசித்த வீடு வேறெங்கும் இருந்திருக்காது. தொடக்கத்தில் பயன் சரியாகத்தான் இருந்தது. போகப் போக, ஐயா எங்கேயோ விலகிப் போவது பூமணிக்குப் பிடிபட்டது. கடிதம் பெண்சாதிக்கு என்றார். புத்தகத்து மனிதனுக்கு ஒரு மூத்த பிள்ளை இருந்தது, காய்ச்சலில் தவறிவிட்டது, ஆற்றங்கரையில் புதைத்தார்கள் என்றார். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகவில்லை என்றார்.

"ஏன் போகேல்லை?" என்று அம்மா கேட்டாள்.

"அது பின்னாலை வரும்."

அம்மா அடுத்த நாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். ஒரு மாதம் கேட்டாள். "வரும், வரும்" என்றார் ஐயா. பூமணிக்கோ உள்ளுக்குள் எரிச்சல். வயது போய்விட்டது, விளங்காததை இட்டுக் கட்டுகிறார், அம்மாவும் வாயைப் பிளந்து கேட்கிறாள் என்று நினைத்தாள். வகுப்பில் பிழை திருத்திப் பழகின கை சும்மா இருக்குமா? பத்து நாளைக்கு முன், ஐயா செருமிக்கொண்டு, "இண்டைக்கு அவன் ஏன் வீட்டை போகேல்லை எண்டு வருகுது" என்று தொடங்கியபோது அவள் குறுக்கே விழுந்தாள்.

"ஐயா, இதிலை பிள்ளை ஒண்டும் இல்லை. முதலிலிருந்தே இல்லை. அவன் ரொட்டிக் கடையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான். இஞ்சை பாருங்கோ, இந்த வரி."

கண் தெரியாத மனிதருக்கு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அப்பிடியோ" என்றார் ஐயா. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ரொட்டிக் கடை" என்றார். அன்றைக்குப் பயன் அவ்வளவுதான். அடுத்த நாள், "தொப்பி. மழை." அதற்கு அடுத்த நாள், "பாலம்." ஏழாம் நாள் குளிக்கப் போன இடத்தில் விழுந்தார்.

"பயனைக் கேட்டனான்" என்று கதவு நிலையிலிருந்து அம்மா மறுபடி சொன்னாள்.

பூமணி பக்கத்தைப் பார்த்தாள். "அவன் ஆற்றங்கரையிலை நிக்கிறான். கடிதம் பைக்குள்ளை இருக்கு. தண்ணியிலை ஒரு தோடம்பழத் தோல் மிதக்குது."

"அந்தப் பிள்ளையின்ரை கதை?"

"அம்மா, அது புத்தகத்திலை..."

"இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?" அம்மாவின் குரல் உயரவில்லை. "நான் இங்கிலீஷ் படியாதவள்தான். இந்த மனிசனோடை இருக்கிறது முப்பத்திரண்டு வருஷம். தன்ரை பிள்ளையைக் கிள்ளான் ஆத்தங்கரையிலை புதைச்ச வெள்ளைக்காரன் ஆரடி?"

 தனக்கு முன்னால் பிறந்த ஒன்று தப்பவில்லை என்று மட்டும் பூமணிக்குத் தெரியும். சாதகம் பார்க்க வந்தவரிடம் அம்மா ஒருமுறை சொன்னது. அதன் பெயரைக்கூட அவள் கேட்டதில்லை.

"அப்ப இவர் கிள்ளான் ஸ்டேஷனிலை சின்னக் கிளாக்கர். வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரம். ரெண்டுதரம் ஆள் அனுப்பினனான். வரேல்லை. அக்கம்பக்கத்து ஆம்பிளையள்தான் தூக்கிக்கொண்டு போச்சினம். பொழுதுபட்ட பிறகு வந்தார். நான் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை. இந்தப் புத்தகம் வாசிக்கத் தொடங்கின பிறகுதான் வாயைத் திறந்தவர்."

 முப்பது வருஷமாக வராத ஒரு சொல் வாசல்படி வரை வந்தபோது, படித்த திமிரில் கதவைச் சாத்தியது தான்தான் என்பது பூமணிக்கு விளங்கியது. "நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது அம்மா" என்றாள். அழுகை வந்தது, அழுதாள்.

"உனக்கென்ன தெரியும்" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பிக் கட்டிலடிக்கு வந்து, நிலத்தில் இருந்தாள். "வாசி. இந்தப் பக்கத்துக்கு நான் சொல்லுறன்."

பூமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்நூற்று எழுபத்திரண்டை வாசித்தாள். ஆறு, ஒரு படகு, யாரோ கூப்பிடுகிற சத்தம், ஒரு பெண்ணின் கையுறை, மறுபடியும் ஆறு. முற்றுப்புள்ளி இல்லை. பக்கம் முடிந்தது.

அம்மா கட்டிலைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். கோயிலில் சொல்லுகிற அதே நிதானம்.

"இதிலை என்ன சொல்லுது எண்டால், அவன் பிளாட்பாரத்திலை நிக்கிறான். வந்த ஆள் சொன்னது காதிலை விழுந்தது. ஆனால் போனால் பார்க்க வேணும். பார்த்தால் அது மெய்யாப் போயிடும். போகாமல் நிண்டால், பிள்ளை இன்னும் பாயிலை படுத்துக் கிடக்குது. அதுக்காகத்தான் வண்டியை ஒவ்வொண்டாப் பார்த்து அனுப்பிக்கொண்டு நிண்டவன்."

ஐயாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"பெண்சாதிக்குக் கோபம்தான். இல்லை எண்டு சொல்ல மாட்டன். ரெண்டு வருஷம் இருந்தது. பிள்ளையின்ரை அரைஞாண் கொடியைப் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவள், அதுவும் காணாமல் போச்சு. பிறகு ஒருநாள் தோய்க்கேக்கை அவன்ரை வேலைச் சட்டைப் பையிலை கிடந்தது. எடுத்துத் தோய்ச்சுக் காயவைச்சு, திரும்ப அதே பையிலை வைச்சுவிட்டவள். அண்டையோடை கோபம் போச்சு. அவன் கடிதம் போடேல்லை எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. அது வந்து சேர்ந்திட்டுது."

 வெளியே ஒரு மாட்டு வண்டி செங்கல் பாரத்தோடு முக்கிக்கொண்டு போனது. போர்வைக்கு மேலே கிடந்த இடது கை கொஞ்சம் அசைந்தது. இரண்டு விரல் எழும்பி விழுந்தது. பிறகு இன்னொரு தரம்.

"மேலை வாசிக்கட்டாம்" என்றாள் அம்மா.

பூமணி வாசித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது, இடையில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டாள். திருத்த யாருமில்லை. பக்கம் முடிந்தபோது கேட்டுக்கொண்டிருந்தது அம்மா ஒருத்திதான்.

அதற்குப் பிறகு வீடு மற்றவர்களுடையதாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்புசாமி, ரயில்வே வொர்க்‌ஷாப்பில் பிட்டர், சுடலைக்குக் கொண்டுபோக லோரிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து, "அக்கா, நாளைக்குப் பதினோரு மணிக்கு லோரி வந்துரும். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க லா, நான் பாத்துக்குறேன்" என்றான். சொன்னபடி பார்த்தும் கொண்டான். கிள்ளானிலிருந்து வந்த, மகன் முறை உள்ள பெறாமகன் கொள்ளி வைத்தான். ஐயாவின் பழைய வேலைச் சட்டை ஒன்றை அம்மா தேடி எடுத்து, மடித்து, தலைமாட்டில் வைத்துவிட்டாள். பட்டு வேட்டி இருக்க இதென்ன கோலம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.  பூமணிக்கு அந்தச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் பின்னேரம் கார்த்திகேசு வந்தார். இருபது வருஷம் ஐயா பயன் சொல்ல, வாசித்த மனிதர். கொஞ்ச நேரம் தொப்பி மாட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் வீட்டிலை புராணம் படிப்பிக்கிறது நல்லது, அக்கா. நான் வந்து வாசிக்கிறன். பயனுக்கும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"நல்லதுதான் தம்பி" என்றாள் அம்மா. "ஆனால் எங்களிட்டை ஒண்டு குறையிலை கிடக்குது. அதை முடிச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புறன்."

கார்த்திகேசு எந்தப் புராணம் என்று கேட்டார். அம்மா பூமணியைப் பார்த்தாள்.

"ஒரு மனிசன் கடிதம் போடப் போற கதை" என்றாள் பூமணி.

அவருக்கு விளங்கவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

பூமணி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். கட்டிலைக் கழுவி முற்றத்தில் காயப் போட்டிருந்ததால் அறை பெரிதாகத் தெரிந்தது. முந்நூற்று எழுபத்துநாலாம் பக்கம். பூமணி அவசரப்படாமல், ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். கடைசிச் சொல்லில் நிறுத்தி, ஐயா ஒரு பக்கத்துக்குப் பயன் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள்.  அம்மா கட்டில் கிடந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மா தன் முழங்காலில் இரண்டு விரலால் தட்டினாள்.

பூமணி தாளைத் திருப்பினாள்.